சிவப்புக் கோடு கோட்டைவிடும் இடம்

“அண்ணை, சிவப்புக் கோடு ஒண்டும் இல்லையே, பிறகென்ன பிழை?”

கேட்டது ஏ.எல். எழுதி முடித்த ஒரு பிள்ளை. படித்த பாடசாலையில் நற்சான்றிதழ் எடுக்க அதிபருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம். போனிலேயே ரைப் அடித்து, பிரின்ட் எடுக்க எங்கள் கடைக்குக் கொண்டுவந்திருந்தா. கடை கொக்குவிலில், போட்டோகொப்பி, லமினேற்றிங், ரைப்பிங் எல்லாம் உண்டு. கடிதத்தின் முதல் வரியில் அதிபர் என்று வரவேண்டிய இடத்தில் ‘பிரின்சிபிள்’ என்ற சொல் கடைசியில் எல்-ஈ போட்டு உட்கார்ந்திருந்தது. ஏ-எல் என்று முடிந்தால்தான் அதிபர், எல்-ஈ என்று முடிந்தால் கொள்கை.

“தங்கச்சி, நீங்கள் கடிதத்தை அதிபருக்கு எழுதேல்லை, கொள்கைக்கு எழுதியிருக்கிறியள்” என்றேன். சிரித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டா. அவவிடம் மட்டுமல்ல, கடைக்கு வருகிற பாதிப்பேரிடம் இதே நம்பிக்கை இருக்கிறது: கொம்பியூட்டருக்கு இங்கிலீஷ் தெரியும், பிழை இருந்தால் கோடு போடும், கோடு இல்லையென்றால் சரி. இது மூன்று துண்டாகப் பார்த்தாலும் மூன்றும் பிழை. எழுத்துப்பிழை திருத்தும் கருவி உள்ளே என்னதான் செய்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், எங்கே அதை நம்பலாம், எங்கே கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஒரு சின்ன ஏற்பாடு. இங்கிலீஷ் சொற்களை எழுத்துக்கூட்டித்தான் சொல்லப்போகிறேன், டிக்டேசன் வகுப்பு மாதிரி. மனதுக்குள் எழுதிக்கொண்டே வாருங்கள்.

இடாப்பில் பேர் இருக்கிறதா?

வாக்களிப்பு நிலையத்தில் மேசையில் இருக்கும் அலுவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கிறது. நீங்கள் பேரைச் சொல்கிறீர்கள், அவர் தேடுகிறார். இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. நீங்கள் நல்லவரா, எதற்கு வந்தீர்கள் என்பதெல்லாம் அவருக்கு வேலை இல்லை.

சிவப்புக் கோடும் இவ்வளவுதான். அதன் இடாப்புக்குப் பெயர் சொற்பட்டியல்: சரியான சொற்கள் என்று யாரோ முன்கூட்டியே சேர்த்துவைத்த நீண்ட பட்டியல். நீங்கள் அடித்த சொல் அதில் இல்லை என்றால் கோடு, இருந்தால் கோடு இல்லை. 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதிய திருத்தியிலும் அடிப்படை இதுதான், 1995-இல் வேர்ட் மென்பொருளில் அந்த வளைந்த சிவப்புக் கோடு வந்தபோதும் இதுதான். ‘சரி’, ‘பிழை’ என்று அது எங்குமே சொல்வதில்லை. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குத் தெரியாது’ என்று மட்டும்தான் சொல்கிறது.

அதனால்தான் எங்கள் ஊர்ப்பெயர் எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு ஓடுகிறது. சுன்னாகம் பிழையா என்ன? இடாப்பில் பதியவில்லை, அவ்வளவுதான். அதேபோல ‘கலர்’ என்ற சொல்லை நாங்கள் படித்தபடி யூ போட்டு எழுதினால் சில போன்கள் கோடு போடும். அந்தப் போனில் இருப்பது அமெரிக்க இடாப்பு. யூ போடாமல் எழுதுவது அங்கேதான், 1828-இல் நோவா வெப்ஸ்டர் போட்ட அகராதி அந்த வழக்கத்தை நன்றாக ஊன்றிவிட்டது. இலங்கையில் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரித்தானிய எழுத்துமுறை. போன் அமைப்பில் மொழியைப் பிரித்தானிய இங்கிலீஷ் என்று மாற்றிவிட்டால் அந்தக் கோடு போய்விடும்.

“...வில் சந்தியில் இறங்கு”

கோடு போடுவது சின்ன வேலை. கஷ்டமான வேலை அடுத்ததுதான்: நீங்கள் எழுத நினைத்தது எது என்று ஊகிப்பது.

யாழ்ப்பாணத்தில் இருந்து கே.கே.எஸ். வீதியால் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறீர்கள். மாமா போன் எடுக்கிறார், லைன் சரியில்லை, காற்றும் இரைச்சலும். “...வில் சந்தியில இறங்கு, நான் நிக்கிறன்” என்று மட்டும் காதில் விழுகிறது, பிறகு கட் ஆகிவிட்டது. எந்த வில்? கொக்குவில், கோண்டாவில், இணுவில் மூன்றும் அதே வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இப்போது உங்கள் மண்டை என்ன செய்யும்?

முதலில் மூன்றையும் வரிசையாக நினைவுக்குக் கொண்டுவரும். மருதனார்மடத்தை நினைக்காது, அது ‘வில்’ என்று முடியவில்லையே. பிறகு, கேட்ட ஒலி எதற்குக் கிட்ட என்று பார்க்கும், முன்னால் ஏதோ ‘கோ’ மாதிரி கேட்டதா? பிறகு, மாமா வழக்கமாக எங்கே நிற்பார் என்று யோசிக்கும். கடைசியாக, முதல்நாள் அவர் மஞ்சத் திருவிழாவைப் பற்றிக் கதைத்தது ஞாபகம் வந்தால், மற்ற எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிட்டு இணுவில் கந்தசுவாமி கோயிலடிக்கு ரிக்கெற் எடுத்துவிடுவீர்கள்.

இரைச்சலுள்ள லைனில் வந்த செய்தியில் இருந்து அனுப்பியவர் நினைத்ததை மீட்டெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு 1948-இல் கிளோட் ஷனன் கணித வடிவம் கொடுத்தார். அவர் நினைத்தது தந்தியையும் தொலைபேசியையும். 1990-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த சிலர் இதை எழுத்துப்பிழைக்குத் திருப்பினார்கள்: நீங்கள் மனதில் நினைத்த சொல்தான் அனுப்பிய செய்தி, உங்கள் விரலும் ஞாபகமறதியும்தான் இரைச்சல், திரையில் விழுந்தது அந்தப் பக்கம் கேட்டது. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். பிழை விட்டவரை முட்டாள் என்று சொல்லாமல், லைன் சரியில்லை என்று சொல்கிறது.

இதுவரை பார்த்தது: இடாப்பில் இல்லை என்றால் கோடு விழும். அதன்பிறகு கிட்டிய சொற்களைத் திரட்டி, அதில் ஒன்றைத் தேர்வது வேறு வேலை. இனி அந்த வேலையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

ஐந்து எழுத்து, 290 பக்கத்து வீடு

கடையில் நான் அடிக்கடி காணும் பிழை இது: ரி-எச்-ஐ-ஈ-ஆர். ‘அவர்களுடைய’ என்ற பொருளில் வரும் ‘தெயார்’. சரியாக எழுதினால் ஈ முன்னால், ஐ பின்னால்.

கருவிக்கு அது தெரியாது. அது நான்கு காரியம் செய்துபார்க்கும். ஒரு எழுத்தை எடுத்துவிடுவது, ஒரு எழுத்தைச் சேர்ப்பது, ஒன்றுக்குப் பதில் வேறொன்றைப் போடுவது, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றுவது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற இப்படி எத்தனை காரியம் தேவை என்ற எண்ணுக்குத் திருத்தத் தொலைவு என்று பெயர். ஒரு காரியம் போதும் என்றால் தொலைவு 1, பக்கத்து வீடு. 2 என்றால் ஒரு வீடு தாண்டி.

எங்கள் ஐந்தெழுத்துச் சொல்லுக்குப் பக்கத்து வீடுகளை எண்ணலாம். எடுத்துவிட 5 வழி, இடம் மாற்ற 4 வழி, பதிலாகப் போட ஒவ்வொரு இடத்துக்கும் 25 எழுத்து என்று 125, சேர்க்க ஆறு இடைவெளிக்கும் 26 என்று 156. மொத்தம் 290 (சிலது இரண்டு முறை வரும், அதை விடுங்கள்). இந்த 290-இல் மிகப்பெரும்பாலானவை வெறும் எழுத்துக் குப்பை. இடாப்போடு ஒப்பிட்டுச் சலித்தால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். ஐயையும் ஈயையும் இடம் மாற்றினால் ‘தெயார்’. எச்சை எடுத்தால் ‘ரியர்’, அடுக்கு. ஆரை எடுத்து எஃப் போட்டால் ‘தீஃப்’, கள்ளன். இன்னும் ஒன்றிரண்டு வரும், யாரும் எழுதாத சொற்கள்.

ஒரு கதை இங்கே சொல்ல வேண்டும். திருத்தத் தொலைவை விளாடிமிர் லெவன்ஷ்டைன் என்ற சோவியத் கணிதவியலாளரின் பெயரால்தான் அழைப்பார்கள், 1965. அவருடைய கணக்கில் இடமாற்றம் தனிக் காரியம் இல்லை. அதனால் ‘தெயார்’ இரண்டு வீடு தள்ளிப் போய்விடும், கள்ளன் பக்கத்து வீட்டுக்காரனாக வந்து நிற்பான். அதற்கு ஒரு வருடம் முன்பே ஐபிஎம்மில் இருந்த ஃபிரெட் டமெராவ், ஆட்கள் விடும் எழுத்துப்பிழைகளில் 80 வீதத்துக்கு மேல் இந்த நான்கு காரியத்தில் ஏதோ ஒன்றை ஒரே ஒரு தடவை செய்தால் சரியாகிவிடும் என்று கண்டு, இடமாற்றத்தையும் தனியாக எண்ணியிருந்தார். மனிதக் கை எப்படித் தடுமாறும் என்று பார்த்துப் போட்ட கணக்கு அது. இன்றைய கருவிகள் பலதும் இருவரையும் சேர்த்துத்தான் நடத்துகின்றன.

சரி, இப்போது மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள், மூவரும் தொலைவு 1. எவரை உள்ளே விடுவது?

இரண்டு கேள்வி கேட்கப்படும். ஒன்று, இந்தச் சொல்லை ஆட்கள் பொதுவாக எவ்வளவு எழுதுகிறார்கள்? அதற்காகப் புத்தகம், பத்திரிகை, கடிதம் என்று கோடிக்கணக்கான வரிகளைச் சேர்த்து எண்ணிவைத்திருப்பார்கள், அதற்குச் சொற்குவியல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் இங்கிலீஷ் சொல்லை எடுத்தால் ‘தெயார்’ ஆயிரக்கணக்கில் வரும். கள்ளன் சில பத்துத் தடவை வந்தாலே அதிகம். இரண்டாவது, இந்தச் சொல்லை நினைத்தவர் இப்படிப் பிழைவிட எவ்வளவு வாய்ப்பு? ஐ-ஈ தடுமாற்றம் ஊரறிந்தது, ஆகவே வாய்ப்பு அதிகம். கள்ளனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: விசைப்பலகையில் ஆருக்குக் கீழேதான் எஃப், விரல் கொஞ்சம் மேலே போனால் முடிந்தது. அடுக்குக்கு வாய்ப்புக் குறைவு, நடுவில் ஏன் ஒரு எச் முளைக்கப்போகிறது?

இந்த இரண்டு விடையும் எண்களாக இருக்கும். ஒரு காரியம் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை 0-க்கும் 1-க்கும் இடையில் சொல்லும் எண், நிகழ்தகவு. இரண்டு நிகழ்தகவையும் பெருக்கி, எது பெரிதோ அது பட்டியலில் மேலே. ‘தெயார்’ சுலபமாக வெல்லும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், வேட்பாளர்கள் எல்லாரும் இடாப்புக்குள் இருந்துதான் வருவார்கள். நீங்கள் நினைத்தது இடாப்பிலேயே இல்லை என்றால் கருவி எத்தனை கெட்டித்தனம் காட்டினாலும் பிழையான ஆளைத்தான் கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களில் ஒத்துழைப்பு என்ற பொருளில் ‘கோஒப்பரேசன்’ வரவேண்டிய இடத்தில் கலிஃபோர்னியாவில் உள்ள குப்பர்டினோ நகரம் வந்து குந்திக்கொண்ட கதை அப்படித்தான் நடந்தது, பழைய இடாப்பில் ‘கோஒப்பரேசன்’ நடுவில் ஹைஃபன் போட்ட வடிவில் மட்டும் இருந்ததால். எங்கள் பக்கத்திலும் குறைவில்லை. கோப்பாயை வழக்கமாக எழுதும்போது முதல் எழுத்து கே. அதை சி ஆக்கினால் அமெரிக்க மருத்துவக் காப்புறுதியில் நோயாளி தன் பங்குக்குக் கட்டும் காசு என்று பொருள்படும் ஒரு சொல். தொலைவு 1. ஊர்காவற்றுறையின் இங்கிலீஷ்ப் பெயர் கேற்ஸ், அதில் வையை ஆராக்கினால் பந்தயத்தில் ஓட்டும் குட்டிக் கார்கள்.

காதால் எழுதுகிறவர்கள்

விரல் தடுமாறுவது ஒரு வகை. காது சொன்னதை எழுதுவது இன்னொரு வகை. ‘செப்பரேட்’ என்று கேட்கிறது, ஆகவே பிக்குப் பின்னால் ஈ போடுகிறோம், உண்மையில் அங்கே ஏ. இங்கிலீஷில் எழுத்தும் ஒலியும் எப்போதோ விவாகரத்து ஆனவை. கடன் என்ற பொருளில் வரும் ‘டெற்’ என்ற சொல்லில் யாரும் உச்சரிக்காத பி ஒன்று இருக்கிறது, லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று பிற்காலத்தில் படித்தவர்கள் செருகியது.

காதுப்பிழையைப் பிடிக்க மிகப் பழைய தந்திரம் ஒன்று உண்டு, சவுண்டெக்ஸ். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களுக்கு ஒரே குறியீடு கொடுக்கும் முறை. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, கணினிக்கு வெகு முன்னால். குடிசனமதிப்புப் பட்டியல்களில் ஒரே குடும்பப்பெயரை ஒவ்வொரு எழுத்தர் ஒவ்வொரு விதமாக எழுதிவைத்திருந்தால் தேடுவது எப்படி? முதல் எழுத்தை வைத்துக்கொள், உயிர் எழுத்துகளைத் தூக்கு, மற்றதுக்கு எண் போடு. பி, பி, எஃப், வி நான்குக்கும் 1. டி, ரி இரண்டுக்கும் 3. சி, ஜி, கே, எஸ் வகைக்கு 2.

பார்த்தீர்களா, ‘பி, பி’ என்று எழுதவேண்டி வந்துவிட்டது. பந்துக்கு வருவது ஒன்று, பேனைக்கு வருவது ஒன்று, தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சவுண்டெக்ஸ் எண் போட்டுச் செய்கிற வேலையை எங்கள் பகரம் பிறவியிலேயே செய்துகொண்டிருக்கிறது.

இதை எங்கள் ஊரில் போட்டுப்பார்த்தேன், பொழுது போகாத ஒரு மத்தியானம். வட்டுக்கோட்டையை இப்போது இங்கிலீஷில் எழுதுவது வியில் தொடங்கி, ட்ட வரும் இடமெல்லாம் இரட்டை டி போட்டு. இந்த இரட்டை டி எங்கள் பக்கத்து வழக்கம், தமிழ்நாட்டில் இரட்டை ரி போடுவார்கள். 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே செமினரி தொடங்கியபோது எழுதியது ‘பற்றிக்கோற்றா’, பந்து பியில் தொடங்கி. கண்ணுக்கு இரண்டு வேறு ஊர். சவுண்டெக்ஸில் முன்னது வி323, பின்னது பி323. எண் அச்சொட்டாக ஒன்று! முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் விதி மட்டும் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஊர் என்று அதுவே சொல்லியிருக்கும். பின்னால் வந்த ஒலிமுறைகள் சில, முதல் எழுத்தையும் ஒலிக்கேற்ப மாற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்டன.

சிவகுமார் என்ற பேரை எஸ் மட்டும் போட்டு எழுதினாலும் எஸ்-எச் போட்டு எழுதினாலும் எஸ்125 தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம் என்று சத்தியக்கடதாசிக்கு அலைகிறவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

சுருக்கமாக: கை விட்ட பிழைக்குத் திருத்தத் தொலைவு, காது விட்ட பிழைக்கு ஒலிக்குறியீடு, இரண்டிலும் கிடைத்தவர்களில் யார் என்று தீர்மானிக்க நிகழ்தகவு.

இரண்டும் நல்ல சொல் என்றால்

இப்போது அந்தப் பிள்ளையின் கடிதத்துக்குத் திரும்புவோம். அதிபரும் இடாப்பில் இருக்கிறார், கொள்கையும் இருக்கிறது. மேசையில் இருக்கும் அலுவலரிடம் கொள்கை வந்து தன் பேரைச் சரியாகவே சொன்னது, அவர் உள்ளே விட்டார். ஆள்தான் மாறி வந்திருக்கிறது. இதை மெய்ச்சொல் பிழை என்கிறார்கள், பிழையாகப் போட்ட சொல்லும் அகராதியில் உள்ள நல்ல சொல்லாகவே இருப்பது. இடாப்பை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது கண்ணிலேயே படாது.

எங்கள் கடையின் பெயர்ப்பலகையே இதற்குச் சாட்சி. காகிதம், பேனை விற்கிற ‘ஸ்ரேசனரி’க்கு ஆருக்கு முன்னால் ஈ வரவேண்டும். நான் ஏ போட்டுப் பெயின்ரரிடம் எழுதிக்கொடுத்தேன். ஏ போட்டால் ‘அசையாமல் நிற்கிற’ என்று அர்த்தம். பலகையும் ஆறு வருடமாக அசையாமல்தான் நிற்கிறது.

இதைப் பிடிக்க ஒரே வழி, பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது. மாமாவின் மஞ்சம் மாதிரி. மிக எளிய முறை, சொற்குவியலில் அடுத்தடுத்து வரும் இரண்டு சொற்களைச் சோடியாக எண்ணிவைப்பது, சொல்லிணை. ‘பாடசாலை’, ‘கல்லூரி’ பக்கத்தில் நிற்கும்போது அதிபர் வந்த தடவை ஏராளம், கொள்கை வந்த தடவை சொற்பம். அப்படியானால் சந்தேகப்படு என்று கருவி நீலக்கோடு போடும், இப்போதைய பதிப்புகள் பலதும் போடுகின்றன. முன்பு தோற்றுப்போன கள்ளனும் இங்கே வெல்வான்: சைக்கிள் களவு போன ஒருவர் பொலிசுக்கு எழுதும் முறைப்பாட்டில், ‘த’ என்ற இங்கிலீஷ் சுட்டுச்சொல்லுக்குப் பின்னால் அந்த ஐந்தெழுத்துப் பிழை, அதற்குப் பின்னால் ‘பூட்டை உடைத்தான்’ என்று வந்தால், ‘த’வுக்கு அடுத்து ‘தெயார்’ வருவது நடக்கிற காரியமில்லை. பத்து இலட்சத்தில் எத்தனை ஆயிரம் வந்திருந்தாலும் அங்கே அது செல்லாது.

இப்போதைய போன்கள் இரண்டு சொல்லோடு நிற்பதில்லை, முழு வசனத்தையும் முன்வசனத்தையும் பார்த்து எடைபோடுகின்றன. உள்ளே இருக்கும் கணிதம் பெரிது, இங்கே தேவையில்லை. கேள்வி மாறவில்லை: இந்த இடத்தில் எதுவாக இருக்க அதிக வாய்ப்பு? அதனால்தான் யாரும் எழுதாத ஒன்றை நீங்கள் வேண்டுமென்றே எழுதினால், அது கேட்காமலே ‘திருத்தி’விடுகிறது. அதிக வாய்ப்புள்ளது என்பது உங்கள் எண்ணம் என்று ஆகாது. பரிந்துரைப் பெட்டியில் முதலில் நிற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான், இரண்டாவதையும் மூன்றாவதையும் வாசியுங்கள், நீங்கள் நினைத்தது பெரும்பாலும் அதற்குள் எங்காவது இருக்கும்.

இடாப்பில் நாங்களே பதிவது

கோடு போட்ட சொல்லில் வலது பொத்தானை அமுக்கினால் ‘அகராதியில் சேர்’ என்று ஒன்று வரும். ஊர்ப்பெயர், ஆட்பெயருக்கு அது மிக நல்லது, சுன்னாகத்தை ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. ஆபத்தும் அதே பொத்தானில்தான், ஏனென்றால் நீங்கள் எதைச் சேர்த்தாலும் அது கேள்வி கேட்காமல் பதிந்துகொள்ளும்.

போன மாதம் கடைக் கொம்பியூட்டரில் அந்தச் சேர்த்த சொற்களின் கோப்பைத் திறந்து பார்த்தேன். சாதாரண எழுத்துக்கோப்பு, வரிக்கு ஒரு சொல். மானிப்பாய், சங்கானை, வாடிக்கையாளர் பேர்கள், நடுவில் ஆர்-ஈ-சி-ஐ-ஈ-வி-ஈ-டி. ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற பொருளில் வரும் ‘ரிசீவ்ட்’, சிக்குப் பின்னால் ஈ முதலில் வரவேண்டியது தலைகீழாக. கோடு கண்ணை உறுத்துகிறது என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். யாரோ என்ன, கடையில் இருப்பது நானும் தம்பியும்தான், தம்பி ரைப் அடிப்பதில்லை.

அழித்துவிட்டு, பழைய கோப்புகளைத் தேடினேன். நாற்பத்தொரு கடிதம். கடைசியாக அகப்பட்டது எங்கள் கடையின் சொந்தப் பற்றுச்சீட்டு, ‘நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்’ என்ற வரி, ஐ முன்னால் ஈ பின்னால், ஐந்நூறு அச்சடித்து இருநூறு முடிந்திருக்கிறது.